ஓட்டம் நின்றபின் அழைக்கும் பெயர்

(வானொலியில் ஒலித்த மறையுரைச் சிந்தனை)

நம் திருவண்ணாமலையில், விடியற்காலை நான்கரை மணிக்குக் கிரிவலப் பாதையில் இரண்டு வகை மனிதர்களைப் பார்க்கலாம். வெறுங்காலோடு, நிதானமாக மலையை வலம் வருகிறவர்கள் ஒரு வகை. அவர்களைக் கடந்து மூச்சிரைக்க ஓடும் இளையோர் மற்றொரு வகை. காவலர் தேர்வுக்கும் இராணுவ ஆள்சேர்ப்புக்கும் தயாராகிறவர்கள், பள்ளி, கல்லூரிக்காக ஓடுகிறவர்கள், மாலையில் கபடி ஆடிவிட்டு காலையில் ஓட வருகிறவர்கள் என்று பலர். அந்த 14 கிலோமீட்டர் பாதைதான் அவர்களுக்கு மைதானம். பௌர்ணமி நாள்களில் மட்டும் ஓட இடம் கிடைக்காது!

ஓடுகிறவர்களை ஊர் பார்க்கிறது. ஓட்டம் நின்றுபோனவர்களை அவ்வளவாகப் பார்ப்பதில்லை. முழங்கால் ஜவ்வு கிழிந்தவர், வயது வரம்பைத் தாண்டிவிட்டவர், விளையாட்டு விடுதியிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர், திருமணமாகி வேறு ஊருக்குச் சென்றுவிட்ட பெண், பத்தாண்டுகள் ஆடி முடித்து ஓய்வு பெற்றவர் ஆகியோர் நம் குடும்பங்களிலும், நம் அன்பியங்களிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு உள்ளுக்குள் என்ன நேர்கிறது, அவர்கள் அருகே நாம் எப்படி அமர்வது என்று இன்று சிந்திப்போம்.

முதலில், நம் தமிழகத்தின் மகள் ஒருவரைப் பற்றிப் பேசவேண்டும். புதுக்கோட்டை மாவட்டம் கதக்குறிச்சியில், செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர் சாந்தி சௌந்தரராஜன். 2005ஆம் ஆண்டு தென்கொரியாவின் இஞ்சியோன் நகரில் நடைபெற்ற ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். அடுத்த ஆண்டு டிசம்பரில், தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில், அதே ஓட்டத்தை 2 நிமிடம் 3.16 நொடிகளில் முடித்து மீண்டும் வெள்ளி வென்றார். அந்த மகிழ்ச்சி சில நாள்களே நீடித்தது. பாலினச் சோதனையில் அவர் தேறவில்லை என்று கூறி, பதக்கம் பறிக்கப்பட்டது. ஒரு மனிதரின் உடலைப் பற்றிய மிக அந்தரங்கமான மருத்துவச் செய்தி, நாடெங்கும் தொலைக்காட்சிகளில் ஓடியது.

அவர் இழந்தது பதக்கத்தை மட்டுமல்ல. பிறந்தது முதல் மகள், அக்கா என்று அழைக்கப்பட்டவரிடம், நீ யார் என்ற கேள்வியையே உலகம் கேட்டது. ஓடுகிறவர் என்ற பெயரும் போயிற்று, பெண் என்ற பெயரும் ஐயத்துக்கு உள்ளாயிற்று. தமிழக அரசு அவருக்கு 15 இலட்சம் ரூபாய் பரிசு வழங்கி அவர் பக்கம் நின்றது. அது நன்றியோடு சொல்லவேண்டிய செயல். ஆனாலும் 2007ஆம் ஆண்டு, அவர் தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார் என்ற செய்தி வந்தது. பணம் தேவையில்லை என்பதல்ல. பெயரை இழந்தவருக்குப் பணத்தால் அந்தப் பெயரை வாங்கித் தர இயலவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நம் சிந்தனைக்கு முக்கியம். அவர் தன் பகுதிச் சிறுவர் சிறுமியருக்கு ஓட்டம் கற்றுத்தரத் தொடங்கினார். அந்தப் பாதையும் நேராக அமையவில்லை. 2012ஆம் ஆண்டில் அவர் மீண்டும் செங்கல் சூளையில் தினக்கூலிக்கு வேலை செய்துவந்தார் என்று நாளிதழ்கள் எழுதின. பின்னர், பெங்களூருவில் பயிற்சியாளர்களுக்கான பட்டயப் படிப்பை முடித்தார். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் தடகளப் பயிற்சியாளரானார். விழுந்ததற்கும் எழுந்ததற்கும் இடையே ஏறக்குறைய பத்து ஆண்டுகள்! நம் வீட்டில் ஒருவர் பத்து வாரங்களில் எழவில்லை என்றால் நாம் பொறுமை இழக்கிறோம்.

அநீதியால் தோற்றவர்களுக்குத்தான் இப்படி நேருமோ என்று எண்ணத் தோன்றும். அப்படியில்லை. 2008ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் தேதி, பெய்ஜிங் ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ராவை நாம் அறிவோம். இந்தியாவுக்குத் தனிநபர் போட்டியில் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம் அது. அந்த வெற்றிக்குப் பிறகு தன்னைச் சூழ்ந்த வெறுமையைப் பற்றி, மனச்சோர்வைப் பற்றி அவர் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். சிறுவயது முதல் ஒரே இலக்கை நோக்கி எழுந்தவர், இலக்கு நிறைவேறிய மறுநாள் எதற்காக எழுவது என்று திகைத்திருக்கிறார். பெற்றபோதும் இழப்பு வரும்.

இதற்குக் காரணத்தை உளவியலாளர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். பிரூவர், வான் ராட்டே, லிண்டர் என்ற மூன்று அமெரிக்க உளவியலாளர்கள் 1993ஆம் ஆண்டு, ஒருவர் தன்னை எந்த அளவுக்கு விளையாட்டு வீரராகவே காண்கிறார் என்பதை அறிய ஒரு கேள்வித்தாளை வெளியிட்டனர். விளையாட்டைத் தவிர வேறு எதையாவது நினைக்கிறாரா, அவருடைய நண்பர்கள் எல்லாருமே விளையாட்டு வீரர்களா, காயம் பட்டு ஆட முடியாமல் போனால் மனம் என்ன பாடுபடும் என்பது போன்ற கேள்விகள் அவை. இந்த அடையாளம் வலுவாக இருப்பது தவறு அல்ல; அதுதான் விடியற்காலையில் எழுப்புகிறது, வலியைத் தாங்க வைக்கிறது. வேறு எந்த அடையாளமும் வளராமல் அது ஒன்றே நிற்கும்போதுதான் ஆபத்து வருகிறது. ஒற்றைத் தூணில் நிற்கும் கூரை போல, அந்தத் தூண் சாய்ந்தால் வீடு முழுவதும் சாய்கிறது. பன்னிரண்டு வயதில் விளையாட்டு விடுதியில் சேர்க்கப்படும் பிள்ளைக்கு, வேறு தூண் நடுவதற்கு நேரமே கொடுக்கப்படுவதில்லை.

அன்பார்ந்தவர்களே, நற்செய்தியில் இதே நிலையில் ஒருவரைச் சந்திக்கிறோம். யோவான் நற்செய்தியின் 21ஆம் பிரிவைத் திறந்து பாருங்கள். 'பாறை' என்று பெயர் பெற்றவர் பேதுரு. அந்தப் பெயருக்கு ஏற்ப நிற்க முடியாமல், தன் தலைவரை மூன்று முறை மறுதலித்தவர். இனி தான் யார் என்று தெரியாத நிலையில், அவர் பழைய தொழிலுக்கே திரும்புகிறார். மீன் பிடிக்கப் போவதாகச் சொல்லிக் கிளம்புகிறார். அங்கும் இரவு முழுவதும் ஒன்றும் அகப்படவில்லை. புதிய பெயரும் நிற்கவில்லை, பழைய தொழிலும் கைகொடுக்கவில்லை.

கரையில் உயிர்த்த இயேசு செய்வதைக் கவனியுங்கள். முதலில் அவர் அறிவுரை சொல்லவில்லை. கரியினால் தீ மூட்டி, மீனும் அப்பமும் தயாராக வைத்து, உண்ண வருமாறு அழைக்கிறார். உண்டு முடித்த பிறகே பேசுகிறார். ஏன் மறுதலித்தாய் என்று கேட்கவில்லை; அன்பைப் பற்றித்தான் மும்முறை கேட்கிறார். மேலும், அவர் பேதுரு என்று அழைக்கவில்லை, யோவானின் மகனான சீமோன் என்றே அழைக்கிறார். முதன்முதலில் இருவரும் சந்தித்தபோது, 'பாறை' என்ற பெயரைச் சூட்டுவதற்கு முன்னால் இயேசு சொன்ன பெயர் அதுதான். சாதனைக்கு முந்திய பெயர், தந்தை வீட்டுப் பெயர்! அந்தப் பெயரில் நின்றபடிதான் சீமோன் புதிய பொறுப்பைப் பெறுகிறார்.

இயேசுவின் வாழ்விலும் வரிசை இதுவே. யோர்தானில் திருமுழுக்குப் பெற்றபோது, தந்தை அவரைத் தம் அன்பு மகன் என்று அறிவிக்கிறார். அதற்கு முன் இயேசு ஒரு நோயாளியைக்கூடக் குணமாக்கியதாக நற்செய்தி சொல்லவில்லை. ஒரு போதனைகூட இல்லை. நம் வீடுகளில் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. பிள்ளை ஜெயித்து வந்தால் 'என் மகன்', தோற்று வந்தால் 'இவனை என்ன செய்வது' என்கிறோம்.

உடல் வலிமையையே பெயராகக் கொண்டிருந்து அதை இழந்தவர்களுக்குத் திருஅவையில் ஒரு நண்பர் உண்டு. புனித இஞ்ஞாசியார். 1521ஆம் ஆண்டு மே 20ஆம் தேதி, பம்பலோனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு அவர் காலை நொறுக்கியது. எலும்பு கோணலாகச் சேர்ந்ததால், மறுபடியும் உடைத்துச் சேர்த்தார்கள். அப்போதும் ஓர் எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. அந்தக் காலத்து வீரர்கள் அணியும் இறுக்கமான காலணியை அது அணியவிடாது என்பதற்காக, மயக்க மருந்து இல்லாத அக்காலத்தில், அந்த எலும்பை அறுத்தெடுக்கச் சொன்னார் அவர்! இதை வெறும் வீண்பெருமை என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால், அறுவை சிகிச்சை முடிந்து எப்போது திரும்பவும் களமிறங்கலாம் என்று மருத்துவரை நச்சரிக்கும் இருபது வயதுப் பிள்ளையைப் பார்த்தவர்களுக்கு அது வேறுவிதமாகப் புரியும்.

அவர் மீண்டும் போர்வீரர் ஆகவில்லை. வாழ்நாள் முழுவதும் சற்று நொண்டித்தான் நடந்தார். படுக்கையில் வாசித்த நூல்களால் மனம் திரும்பியதை நாம் மறையுரைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். அதிகம் கேட்காத பகுதி ஒன்று உண்டு. மனம் திரும்பி, மான்செராட் அன்னை திருத்தலத்தில் தன் வாளைக் காணிக்கையாக விட்டுவந்த பிறகு, மன்ரேசாவில் தங்கியிருந்த மாதங்களில், உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணமே அவரைத் துரத்தியது. புனிதருக்கே அப்படி! நம்பிக்கை இருந்தால் மனச்சோர்வு வராது என்று யாராவது சொன்னால், அவர்களுக்கு மன்ரேசாவை நினைவூட்டுங்கள். அதன்பின், முப்பது வயதைத் தாண்டிய அவர், பார்செலோனாவில் சிறுவர்களோடு அமர்ந்து இலத்தீன் இலக்கணம் கற்றார்.

அந்த அனுபவத்திலிருந்து அவர் தந்த விதி ஒன்று, ஆற்றுப்படுத்துவோருக்கு இன்றும் முதல் பாடம்: மனம் இருண்டிருக்கும் நேரத்தில் பெரிய முடிவு எதையும் மாற்றி எடுக்கக்கூடாது. தேர்வில் தவறிய வாரத்தில் கல்லூரியை விடுவது, ஸ்பைக்ஸையும் சான்றிதழ்களையும் தீயிலிடுவது, அவசரமாகத் திருமணம் பேசுவது, முன்பின் விசாரிக்காமல் வெளிநாட்டு வேலைக்குப் பணம் கட்டுவது எல்லாம் கொஞ்சம் காத்திருக்கலாம்.

இனி, அருகே அமர்கிறவர் செய்யக்கூடியது என்ன? நல்ல ஆலோசகர்கள் முதலில் இதைத் துக்கம் என்று ஏற்றுக்கொள்வார்கள். நம் ஊரில் ஒருவர் இறந்தால் பந்தல் போடுகிறோம், ஊரே வந்து துக்கம் விசாரிக்கிறது, பதினாறாம் நாள் என்று ஒன்று இருக்கிறது. பத்தாண்டு ஓட்டம் ஒரு மருத்துவ அறிக்கையில் செத்துப்போனால், யாரும் விசாரிக்க வருவதில்லை. 'எல்லாம் நன்மைக்கே', 'போனது போகட்டும், இனி படிப்பைப் பார்' என்கிறோம். நல்ல மனத்தோடு சொன்னாலும், அழக்கூடாது என்ற கட்டளையாகவே அது போய்ச் சேர்கிறது. கோயிலில் நாம் சொல்லும் 'கடவுள் திட்டம்' என்ற வார்த்தையும் முதல் வாரத்தில் வேண்டாம். அவர்களாகவே ஒருநாள் அதைச் சொன்னால், அன்று ஆமென் சொல்வோம்.

அதற்குப் பதிலாக, கதையைக் கேட்போம். முதல் போட்டி எங்கே, யார் ஷூ வாங்கித் தந்தது, கடைசியாக ஓடிய நாள் எது என்று கேட்டால் போதும். சிலர் ஒரு மணி நேரம் பேசுவார்கள், சிலர் எழுந்து போய்விடுவார்கள். போனவரிடம் அடுத்த வாரம் மறுபடியும் போகலாம். கோப்பைகளை அலமாரியில் வைப்பதா, பரணில் ஏற்றுவதா என்பதையும் அவரிடமே கேளுங்கள். கண்ணில் பட்டால் வருந்துவானே என்று மகனைக் கேட்காமலே எடுத்து ஒளித்துவைக்கும் தாய்மார் உண்டு. அது, நீ ஓடியது பேசக்கூடாத ஒன்று என்று சொல்வதாகிவிடும்.

உடலையும் மறந்துவிடக்கூடாது. நாள்தோறும் இருமுறை பயிற்சி செய்த உடல் சட்டென்று நிறுத்தப்பட்டால், தூக்கம் கெடும், எரிச்சல் வரும். உணவின் அளவு பழையபடியே இருக்கும், எடை கூடும். திருவிழாவுக்கு வந்த உறவினர் அதையும் சொல்லிக்காட்டுவார். மருத்துவர் அனுமதித்தால், பயிற்சியைச் சிறிது சிறிதாகக் குறைப்பது நல்லது. நீச்சலோ, மிதிவண்டியோ, நடையோ, எதுவானாலும் காலை நேரத்தை அப்படியே காலியாக விட்டுவிடக்கூடாது. மாலை நேரம் இன்னும் ஆபத்தானது. பழைய அணி நண்பர்கள் மைதானத்தில் இருக்கும் அந்த இரண்டு மணி நேரத்தில்தான் பலருக்கு மதுப்பழக்கம் தொடங்குகிறது.

சில வாரங்கள் சென்றபின், ஆலோசகர்கள் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுப்பது உண்டு. உங்களை யார் யார் என்னென்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள் என்று எழுதச் சொல்வார்கள். முதலில் ஒரே பெயர்தான் வரும்: கோச் அழைக்கும் பெயர். பிறகு மெதுவாக வரும். பாட்டிக்கு மாத்திரை எடுத்துக்கொடுக்கும் பேரன், தங்கைக்குக் கணக்குச் சொல்லித்தரும் அண்ணன், பீடப்பணியாளர், பாடகர் குழுவில் கீபோர்டு வாசிப்பவர், வீட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறவர். இவை ஆறுதலுக்காகப் புதிதாக உண்டாக்கிய பெயர்கள் அல்ல. ஏற்கெனவே இருந்தவை, ஓட்டத்தின் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போனவை. நாம் நம்புகிறவர்கள், அந்தத் தாளின் தலைப்பில் திருமுழுக்குப் பெயரை எழுதச் சொல்லலாம்.

அதே தாளின் மறுபக்கத்தில், ஓட்டம் கற்றுத்தந்ததை எழுதலாம். நேரத்துக்கு எழுவது, தோற்ற மறுநாளும் பயிற்சிக்கு வருவது, வலியைப் பிரித்தறிவது எல்லாம் ஸ்பைக்ஸோடு கழற்றிவைக்கப்படுபவை அல்ல. ஆனால், 'நீ கோச் ஆகிவிடலாமே' என்று அவசரப்படுத்தாதீர்கள். சாந்தி அவர்களுக்கு அந்த வழி அமைந்தது. வேறு சிலருக்கு, மைதானத்தின் வாசலைத் தாண்டவே இரண்டு ஆண்டுகள் ஆகும்.

பெண்களைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை. பி.டி. உஷா 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் நூறில் ஒரு நொடியில் வெண்கலத்தை இழந்தார். 1991ஆம் ஆண்டு திருமணம், பின்னர் தாய்மை. இவற்றுக்குப் பிறகும் அவர் களத்துக்குத் திரும்பினார். 1998ஆம் ஆண்டு ஆசியத் தடகளப் போட்டியில் பதக்கங்கள் வென்றார். கணவர் துணை நின்றார். நம் பெண்கள் பலருக்கு, ஓடுவதா வேண்டாமா என்ற கேள்வியை யாரும் கேட்பதே இல்லை. நிச்சயதார்த்தத்தோடு அது முடிந்துவிடுகிறது. மாநில அளவில் கபடி ஆடிய மருமகளின் சான்றிதழ்கள், அவள் பிறந்த வீட்டுப் பெட்டியிலேயே தங்கிவிடுகின்றன. ஒருமுறையாவது அவற்றை எடுத்துவரச் சொல்லிப் பாருங்கள், மாமியார்மார்களே.

திருஅவை இதில் அக்கறையற்று இருக்கவில்லை. பொதுநிலையினர், குடும்பம், வாழ்வு ஆகியவற்றுக்கான திருப்பீட அவை 2018ஆம் ஆண்டு ஜூன் மாதம், விளையாட்டைப் பற்றித் தனி ஏடு ஒன்றை வெளியிட்டது. ஒன்றிய அரசும் 2024ஆம் ஆண்டு தேசிய விளையாட்டு நாளன்று, ஓய்வுபெற்ற வீரர்களுக்காக 'ரீசெட்' என்ற பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. நல்லவை. ஆனால், நம் கிரிவலப் பாதையில் 1.6 கிலோமீட்டர் ஓட்டத்துக்காக மூன்று ஆண்டுகள் பயிற்சி செய்து, வயது வரம்பில் நின்றுபோன இளைஞர் எந்தப் பட்டியலிலும் ஓய்வுபெற்ற வீரர் ஆகமாட்டார். அவருக்கு இருப்பது அவர் குடும்பமும், தெருவும், பங்கும்தான். வெற்றி பெற்றவர்களுக்குத் திருப்பலி முடிவில் பொன்னாடை அணிவிக்கிறோம். தேர்வாகாமல் திரும்பியவர்கள் அதே திருப்பலியில் கடைசி வரிசையில் நிற்கிறார்கள், அல்லது வராமலே இருந்துவிடுகிறார்கள். இளையோர் இயக்கத்தினர் இருவர் இருவராக அந்த வாரமே அவர்கள் வீட்டுக்குப் போகலாம். போகும்போது கையில் ஏதாவது தின்பண்டம் எடுத்துச் செல்லுங்கள். கரையில் இயேசுவும் வெறுங்கையோடு நிற்கவில்லை.

உடன் அமர்வதும் செபிப்பதும் போதாத நேரங்கள் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, யாரோடும் பேச்சில்லை, நான் இருந்து என்ன பயன் என்ற வார்த்தை வருகிறது என்றால், காத்திருக்க வேண்டாம். அப்படிப் பேசுகிறவரிடம், சாகவேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேரடியாகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பலருக்கு அது பாரத்தை இறக்கிவைக்க ஒரு வழியாகும். அவரைத் தனியே விடாமல், நம் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம், நள்ளிரவிலும் எடுப்பார்கள். எண்ணை இன்றே உங்கள் கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள்.